இரவில் இறங்கிய கற்கள்

"பீர் இல்லை" என்றார் விடுதிக்காரர் ரூபன் கால்வர்ட்.

அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று பீப்பாய்கள் இருந்தன. மூன்றின் குழாயும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ அது என்னங்க, அழுகையா?" என்று கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடம் நாடகக் கொட்டகைகளில் கோமாளி வேடம் கட்டி, யார்க்ஷயர் முழுவதும் அழுகிய தக்காளி வாங்கியவன் நான். சிரிக்காத கூட்டம் எனக்குப் புதிதல்ல. ஆனால் தக்காளி எறிகிறவனுக்குக்கூட நம் மேல் ஏதோ ஓர் அக்கறை இருக்கும். அன்று காலை பதினோரு மணிக்கு ஹாக்ஸ்ரிக் கிராமத்து விடுதியில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரின் கண்களில் அதுவும் இல்லை.

"லோமாக்ஸ், நாம பீர் குடிக்க வரல" என்றார் மிஸ் க்ரிம்ஷா.

மிஸ் வினிஃப்ரெட் க்ரிம்ஷாவுக்கு வயது ஐம்பத்தாறு. லீட்ஸ் நகரத்தில் துப்பறியும் அலுவலகம். நான் அவருடைய உதவியாளன், டிரைவர், அவ்வப்போது அவருடைய தலைவலி. அவர் கால்வர்ட்டுக்கு முன்னால் ஒரு கடிதத்தை விரித்து வைத்தார்.

"உங்க ஊர் டீச்சர் டோரா கியர்ட்டன் எனக்கு எழுதினது. அவங்க சாகறதுக்கு முந்தின நாள் தபால்ல போட்டிருக்காங்க. நான் வேற ஊர்ல வேலையா இருந்ததால நேத்துதான் பிரிச்சேன்." நேற்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கடிதத்தில் நாலே வரிகள். 'வெட்டிக் கோபுரத்தின் வரலாறு எழுதுகிறேன். அதன் கற்கள் இரண்டு முறை சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கின்றன. ஏன் என்று புரிந்துவிட்டது. யார் என்பது பழைய பெயிண்டுக்கு அடியில் இருந்தது. உடனே வாருங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.'

கால்வர்ட் அதைத் தொடவில்லை. "யார்னு எங்களுக்கே தெரியும். இதுக்கு லீட்ஸ்லேருந்து ஆள் எதுக்கு? மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் கார் வருது. ஜேபஸ் சன்டரைப் பிடிச்சுட்டுப் போகுது. தூக்குல போடுவாங்க. அவ்வளவுதான் கதை."

"அவர்தான்னு எப்படித் தெரியும்?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பன்னெண்டு நாள் முன்னாடி, சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பின்முற்றத்துல பீப்பாய் கழுவிட்டு இருந்தேன். நிமிர்ந்தா, கோபுரத்து உச்சி ஜன்னல்ல டீச்சரம்மா நிக்கறாங்க. பக்கத்துல சன்டர். அவன் கை அவங்க தோள் மேல. அடுத்த நிமிஷம் ரெண்டு பேரையும் காணோம்."

டோராவின் உடல் அன்று மாலை கோபுரத்துக்குள்ளே, மாடிப்படிகளின் அடியில் கிடந்தது.

"குன்று உச்சி இங்கிருந்து அரை மைல் இருக்குமே" என்றேன்.

"இங்கிருந்தே என் ஆட்டை எண்ணுவேன் தம்பி. வேணும்னா உன் தலையில எத்தனை முடி மிச்சமிருக்குன்னு எண்ணிச் சொல்லட்டுமா?"

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். தொழிலை விட்டுவிட்ட எனக்குக்கூட வலித்தது.

"சன்டர் மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார் மிஸ் க்ரிம்ஷா.

கால்வர்ட் இதைச் சொல்வதற்கென்றே பிறந்தவர்போலக் கைகளை மேஜைமேல் ஊன்றிக்கொண்டார்.

"ஆயிரத்து எண்ணூத்துப் பதினாறு. அந்த வருஷம் கோடையே வரல. ஓட்ஸ் கதிர் பச்சையாவே அழுகிப்போச்சு. ஊரு பட்டினி. அப்போ பண்ணையார் ஜோசையா லட்வொர்த் ஒரு வார்த்தை குடுத்தார். 'குன்று மேல எழுபது அடிக்கு ஒரு கோபுரம் கட்டுங்க. எனக்கு அதால ஒரு உபயோகமும் இல்ல, ஆனா கட்டுங்க. தினமும் ஓட்ஸ் மாவு தர்றேன். அடுத்த வருஷம் செப்டம்பர் இருபத்தொம்பதுக்குள்ள முடிச்சா, மலைமேல இருக்கற மேய்ச்சல் நிலம் என்னைக்கும் ஊருக்கே. முடிக்கலைன்னா எனக்கு.' நாப்பது பேர் கட்டினாங்க. ஆனா பகல்ல ஏறின கல்லு ராத்திரி இறங்கிடும். விடிஞ்சு பார்த்தா நாலடி குறைஞ்சிருக்கும். யார் வேலை? சன்டர் வேலை. ஒம்பது புள்ளைங்க அவனுக்கு. கோபுரம் முடிஞ்சா மாவு நின்னுடுமேன்னு ராத்திரி போய் இடிச்சான். பதினோரு நாள் தாமதமாச்சு. நிலம் போச்சு. இன்னைக்கு அங்க கர்னல் லட்வொர்த் லண்டன்லேருந்து வந்து பறவை சுட்டுட்டுப் போறார். எங்க ஆடு வேலிக்கு வெளியே நிக்குது."

"நூத்தி முப்பத்தேழு வருஷம் முன்னாடி நடந்ததுக்கா?"

"இந்த வாசப்படியை ஒரு சன்டர்கூட மிதிச்சதில்ல, மிஸ். ஒரு சன்டருக்கும் இந்த ஊர்ல யாரும் பொண்ணு குடுத்ததில்ல. இனிமேலும் படியேற விடமாட்டோம்."

வெளியே வந்தோம். காருக்கு அருகில் மிஸ் க்ரிம்ஷா நின்று விடுதியின் முகப்பை அண்ணாந்து பார்த்தார். 'க்ரோ அண்ட் லாந்தர்' என்பது விடுதியின் பெயர். பெயர்ப்பலகையில் ஒரு கொழுத்த காக்கை, பக்கத்தில் ஒரு லாந்தர் விளக்கு. பலகை சுவரோடு சுவராக ஆணியடிக்கப்பட்டிருந்தது.

"டயர் நாலும் பஞ்சர்" என்றேன். "ஒரே நேரத்துல நாலு டயர்லயும் முள்ளு குத்தியிருக்கு. ஒழுக்கமான முள்ளு."

"நடப்போம்" என்றார்.

கோபுரத்தின் சாவி உள்ளூர் போலீஸ் சார்ஜன்ட் மெட்காஃபிடம் இருந்தது. அதை யார் கையிலும் தர மாட்டேன் என்று அவர் எங்களுடனேயே குன்று ஏறினார். பத்தடிக்கு ஒரு முறை தன் முட்டியைச் சபித்தார். இடைவெளியில் எங்களைச் சபித்தார்.

"அன்னைக்கு நீங்க உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்தீங்களா, சார்ஜன்ட்?"

"பொணம் கீழே கிடந்தது. மேலே எதுக்குப் போகணும்?"

"அதுவும் சரிதான். பொணம் மேலே கிடந்திருந்தா லீவு போட்டிருப்பீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கைவிலங்கு இருந்தது.

உச்சியில் கோபுரம் நின்றது. சாம்பல் நிறக் கல்லில், ஜூன் மாத வெயிலிலும் ஈரம் காயாமல், யாருக்கும் எதற்கும் பயன்படாமல். அதன் நிழலில் ஒருவர் சரிந்துபோன வேலிச் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல், கல்மேல் கல் பொருத்தி எழுப்பும் எங்கள் மலைச் சுவர். ஐம்பது வயதிருக்கும். கைகள் கல்லின் நிறத்திலேயே இருந்தன.

"இன்னும் ரெண்டு பேரா? நல்லாப் பார்த்துட்டுப் போங்க" என்றார் திரும்பாமலே. "விசேஷம் மூணு மணிக்குத்தான்."

"மிஸ்டர் சன்டர், ஓடிப்போயிருக்கலாமே?" என்றார் மிஸ் க்ரிம்ஷா.

"ஓடினா நான்தான்னு சொல்வாங்க. ஓடலைன்னாலும் நான்தான்னு சொல்றாங்க. ஓடாம இருந்தா இந்தச் சுவராவது முடியும்."

மிஸ் க்ரிம்ஷா கடிதத்தை அவரிடம் கொடுத்தார். அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கையிலிருந்த சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்கிட்ட கேள்வி கேட்டது அந்தம்மா ஒருத்திதான்" என்றார். "மத்தவங்கெல்லாம் பதிலோடதான் வருவாங்க."

"என்ன கேட்டாங்க?"

அவர் எழுந்து எங்களைக் கோபுரச் சுவரருகே அழைத்துப்போனார். "கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுலதான் சுண்ணாம்பு இருக்கணும். வெளியே தெரியற முகத்துல இருக்கக் கூடாது. இப்போ மேலே பாருங்க."

பார்த்தோம். உயரத்தில் பல கற்களின் வெளி முகத்தில் வெள்ளைத் தழும்புகள் இருந்தன. ஆறிப்போன தேமல் மாதிரி.

"அதெல்லாம் ஒரு தடவை கட்டி, பிரிச்சு, மறுபடி அவசரத்துல திருப்பி வெச்சுக் கட்டின கல்லு. பழைய சுண்ணாம்பைச் செதுக்கக்கூட நேரமில்லாம கட்டியிருக்காங்க."

"இடிச்சது உண்மைன்னு ஆச்சு. உன் தாத்தனுக்குத் தாத்தன் பண்ணின வேலை" என்றார் சார்ஜன்ட்.

மிஸ் க்ரிம்ஷா சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "லோமாக்ஸ், கீழே ஏதாவது தழும்பு தெரியுதா?"

"இல்ல, மிஸ். கீழே சுவர் மணப்பெண் மாதிரி இருக்கு. இருபது அடிக்கு மேலதான் மாமியார்."

"மிஸ்டர் சன்டர், ராத்திரியில ஏணியும் சாரக்கட்டையும் எங்க இருக்கும்?"

ஜேபஸ் சன்டரின் முகத்தில் முதல் முறையாக ஏதோ அசைந்தது. "இதையேதான் அந்தம்மாவும் கேட்டாங்க. பண்ணையார் வீட்டுக் கொட்டகையில. தினமும் எண்ணி வெச்சுப் பூட்டுவாங்க. ஊரே சொல்ற கதையில அதுவும் உண்டு. ஏணி திருட்டுப் போகாம இருக்கவாம்."

"பாருங்க சார்ஜன்ட்" என்றார் மிஸ் க்ரிம்ஷா. "ஒம்பது புள்ளைங்களோட பட்டினி கிடந்தவன் மாவுக்காக இடிச்சிருந்தா எப்போ இடிப்பான்? சுவர் இடுப்பு உயரம் இருக்கும்போதே ஆரம்பிப்பான். கையாலேயே தள்ளலாம். ஆனா இருபது அடி வரைக்கும் ஒரு கல்லைக்கூட யாரும் தொடல. ஏணியில்லாம எட்டாத உயரம் வந்த பிறகுதான் இடிச்சிருக்காங்க. ஏணி பூட்டுக்குள்ள. சாவி யார்கிட்ட?"

சார்ஜன்ட் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஜனங்க கெடுவுக்குள்ள முடிச்சுடுவாங்கன்னு பண்ணையாருக்குத் தெரிஞ்சுபோச்சு. நிலம் கையை விட்டுப் போகுது. அவரே ஆள் வெச்சு இறக்கினார். பழியைச் சன்டர் தலையில கட்டினாங்க."

ஜேபஸ் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். ஐம்பது வருடமாக முதுகில் கிடந்த ஒன்றை யாரோ தூக்கியெடுத்தால் நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்தானே.

"ஆனா யார் அந்த ஆள்?" என்றேன். "டீச்சரம்மா பழைய பெயிண்டுன்னு எழுதியிருக்காங்க. உள்ளே பெயிண்ட் இருக்கா?"

"நான் போனதில்ல. எங்க அப்பா காலத்துக்கு முன்னாலேருந்து பூட்டு. கர்னல்கிட்ட கேட்டு அந்தம்மாதான் சாவி வாங்கினாங்க."

சார்ஜன்ட் பூட்டைத் திறந்தார். கோபுரம் முடிந்த பிறகு பொருத்திய மரப்படிகள் சுவரையொட்டிச் சுழன்று ஏறின. நூற்றுப்பன்னிரண்டு. எண்ணியது நான்; சபித்தது சார்ஜன்ட். எங்கும் பெயிண்ட் இல்லை, புறா எச்சம்தான். உச்சியில் சதுரமாக ஓர் அறை. மூன்று பக்கம் மூன்று ஜன்னல்கள். ஒன்றில் மலை, ஒன்றில் பண்ணை மாளிகை, ஒன்றில் நதி.

மிஸ் க்ரிம்ஷா அறையின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "லோமாக்ஸ், விடுதியோட பின்முற்றத்தைக் காட்டுங்க."

நான் திரும்பினேன். நாலாவது பக்கம் வெறும் சுவர்.

"கதவு, ஜன்னல் எதுவும் இல்லையே மிஸ்!"

"கீழே இருந்து பார்த்தோமே, ஊர்ப் பக்கமும் ஒரு ஜன்னல் இருக்கே" என்றார் சார்ஜன்ட். தலையைப் பக்கத்து ஜன்னல் வழியாக நீட்டி மூலையைச் சுற்றிக் கழுத்தைத் திருப்பினார். தலையை உள்ளே இழுத்தபோது அவர் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. "கறுப்புப் பலகைக்கல்லு. அது மேல வெள்ளைக் கோடு போட்டு, ஜன்னல் கம்பி மாதிரி வரைஞ்சிருக்காங்க."

"அழகுக்கு ஒரு பொய் ஜன்னல். நிலத்தைப் பிடுங்கினவருக்கு ஊரைப் பார்க்கப் பிடிக்கல போலிருக்கு" என்றார் மிஸ் க்ரிம்ஷா. "கால்வர்ட் இதுல ரெண்டு பேரைப் பார்த்தாராம். அவர் இந்த அறைக்கு வந்ததே இல்லைங்கறது நிச்சயம். படியில, பாதி வழியிலேயே அவருக்கு வேலை முடிஞ்சிருக்கு."

"ரூபனா?" சார்ஜன்ட் உட்கார்ந்துவிட்டார். "ரூபன் எதுக்கு? இந்தக் கோபுரத்துக்கும் அவனுக்கும் என்ன?"

"அது தெரியாம வெறும் ஜன்னலை வெச்சு நீங்க அவரைப் பிடிப்பீங்களா?"

"மாட்டேன். கண்ணு ஏமாத்திடுச்சும்பான். ஊரே ஆமாம்பாங்க."

மணி இரண்டேகால்.

நாங்கள் இறங்கியபோது ஜேபஸ் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். "அவங்க மேல ஏறி வர வேண்டாம். நானே வர்றேன்" என்றார்.

விடுதிக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. ஜேபஸைக் கண்டதும் முனகல் கிளம்பியது. ஒருத்தி அவர் காலடியில் துப்பினாள். யாரோ நாயை ஏவிவிட்டார்கள். நாய்க்கு இருந்த நாகரிகத்தால் அது என் காலை மட்டும் கடித்தது. கால்வர்ட் வாசற்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி நெல், மெலிந்து, ஏப்ரனைக் கசக்கியபடி.

மிஸ் க்ரிம்ஷா கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. மறுபடி முகப்பைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"மிஸ்டர் கால்வர்ட், அந்த இரும்புக் கொம்பு எதுக்கு?"

முகப்பிலிருந்து தெருவை நோக்கி ஓர் இரும்புக் கை நீண்டிருந்தது. அதில் இரண்டு வெறும் கொக்கிகள்.

"போர்டு தொங்கறதுக்கு" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள். "ரெண்டு பக்கமும் படம் இருக்கும். எங்க பாட்டன் காலத்துலேருந்து அங்கதான் ஆடிட்டு இருந்தது. டீச்சரம்மாதான் புதுசாப் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்னு கழட்டி எடுத்துட்டுப் போனாங்க."

"எப்போ?"

"அவங்க செத்த வாரம்தான்."

மிஸ் க்ரிம்ஷாவின் கண்கள் கால்வர்ட்டின் மேல் வந்து நின்றன. "ஆடிட்டு இருந்த போர்டை எதுக்குச் சுவர்ல அறைஞ்சீங்க?"

"காத்து அதிகம்."

"அதோட முதுகைப் பார்க்கலாமா?"

"என் கடை. என் போர்டு. ஒருத்தனும் கையை வைக்கக் கூடாது."

"சார்ஜன்ட்?" என்றார் மிஸ் க்ரிம்ஷா.

சார்ஜன்ட் மெட்காஃப் தொண்டையைச் செருமினார். அவர் அதே ஊரில் பிறந்தவர். அவருடைய ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த விடுதியில்தான் கழிந்திருக்கிறது. கூட்டத்தைப் பார்த்தார், கால்வர்ட்டைப் பார்த்தார், கடைசியில் குன்றின் மேல் தெரிந்த அந்தக் கறுப்பு ஜன்னலைப் பார்த்தார்.

"கழட்டுங்க" என்றார்.

"எதை வெச்சுக் கழட்டறது? என்கிட்ட பல்லுதான் இருக்கு" என்றேன்.

ஜேபஸ் பையைத் திறந்து ஒரு கடப்பாரையை எடுத்தார். ஏணி கேட்டார், யாரும் தரவில்லை. நான் குனிந்தேன். அவர் என் தோள்மேல் ஏறி நின்று, பலகைக்கும் சுவருக்கும் நடுவே கடப்பாரையைச் செருகி நெம்பினார். ஆணிகள் ஒவ்வொன்றாக அலறின. பலகை வந்தது. அவர் அதைத் திருப்பித் தெருவுக்குக் காட்டினார்.

பின்பக்கத்துக் காக்கையின் பாதி உடம்பு சுரண்டப்பட்டிருந்தது. சுரண்டிய இடத்தில், நான்கு படலம் பெயிண்டுக்கு அடியில், ஒரு லாந்தர். அதன்மேல் சாய்ந்து நின்றது காக்கை அல்ல. நீண்டு, நுனி வளைந்து பிளந்த ஓர் இரும்பு. ஜேபஸ் கையில் இருந்ததே படத்திலும் இருந்தது. அடியில் இரண்டு வரிகள்: 'இரவுப் பணிக்காக ஜோசையா லட்வொர்த் தந்தது. 1817.'

எங்கள் மொழியில் காக்கைக்கும் கடப்பாரைக்கும் ஒரே பெயர்தான்: க்ரோ. பண்ணையார் தன் கூலியாளுக்கு விடுதியைக் கொடுத்துவிட்டு, நடந்ததை எழுத்துத் தெரியாத ஊரின் நடுவிலேயே எழுதித் தொங்கவிட்டுச் சிரித்திருக்கிறார். பிறகு வந்த ஏதோ ஒரு கால்வர்ட் அதற்கு இறக்கை வரைந்துவிட்டான்.

"லாந்தரும் கடப்பாரையும்" என்றார் மிஸ் க்ரிம்ஷா. "ராத்திரி வேலைக்கு வேற என்ன வேணும்? உங்க நிலம் போகும்படி கல்லை இறக்கினது கால்வர்ட் குடும்பம். சன்டர் இல்ல. டோரா இதைச் சுரண்டிப் பார்த்தாங்க. அதுக்காகச் செத்தாங்க."

"பொய்!" கால்வர்ட்டின் குரல் கீச்சிட்டது. "நான் முற்றத்துல பீப்பாய் கழுவிட்டு இருந்தேன்! ஜன்னல்ல அவனைப் பார்த்தேன்!"

"அது ஜன்னலே இல்ல, ரூபன்" என்றார் சார்ஜன்ட் களைத்துப்போய். "வெறும் கல்லு. நான் இப்போதான் பார்த்துட்டு வர்றேன்."

கால்வர்ட் வாயைத் திறந்தார். ஆனால் பேச்சு அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அந்தச் சனிக்கிழமை பீப்பாய் கழுவினது நான்தாங்க" என்றாள் நெல். அவள் கணவனைப் பார்க்கவில்லை. "நீங்க அஞ்சரை மணிக்குத்தானே வந்தீங்க. பூட்ஸ்ல புறா எச்சம்."

கால்வர்ட் படியிலேயே உட்கார்ந்தார். "கொல்லணும்னு போகல" என்றார். "போர்டைத் திரும்ப வாங்கினப்போ சுரண்டின இடத்தைப் பார்த்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கும்பிட்டேன். டீச்சரம்மா கேட்கல. 'ஜேபஸ்கிட்ட சொல்லியாகணும், ஐம்பது வருஷம் அவர் பட்டது போதும்'னாங்க. ஊர்க்காரங்க நீங்கல்லாம் என் குடும்பத்தை என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதை இத்தனை வருஷம் சன்டருக்குப் பண்ணினதே நான்தானே... தோளைப் பிடிச்சேன். உதறினாங்க. படியில கைப்பிடி இல்ல."

மூன்று மணிக்குச் சரியாக இன்ஸ்பெக்டரின் கார் வந்தது. வேறொருவரை ஏற்றிக்கொண்டு போனது.

கூட்டம் கலையவில்லை. கோபத்தோடு வந்தவர்களில் யாருக்கும் அதை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக மனமில்லை. வாசலில் நெல் தனியாக நின்றாள். முதலில் ஒரு முனகல் எழுந்தது. பிறகு, "கால்வர்ட் ரத்தம்!" என்று ஒரு குரல். ஒரு கல் பறந்து வந்து அவள் தலைக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடியை உடைத்தது.

ஜேபஸ் அவசரப்படவில்லை. நடந்துபோய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளு சன்டர்!" என்று ஒருவன் கத்தினான். "இது உன் விஷயம் இல்ல!"

"நூத்தி முப்பத்தேழு வருஷமா என் விஷயம்தான்." அவர் குரலில் கனிவு துளியும் இல்லை. "அடுத்த கல்லை நேரா என் மேல எறிங்க. எனக்குப் பழக்கம். இந்தம்மாவுக்குப் பழக்கமில்ல."

யாரும் எறியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. முதலில் பின்வரிசை நகர்ந்தது, பிறகு பெண்கள், கடைசியில் நாய். தெரு காலியானது.

"உள்ளே வாங்க" என்றாள் நெல் மெல்ல. "ஏதாவது குடிச்சுட்டுப் போங்க."

"வேண்டாம்மா" என்றார் ஜேபஸ்.

அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கிடந்த அந்தக் கல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கல்லு. சுவருக்கு ஆகும்" என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு குன்றை நோக்கி நடந்தார்.